எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-ல மல்டிபிளேயர் வேணுமா? தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில்

என் சித்தி பையன் தாம்பரத்துல இருக்கான், நான் பெரம்பூர்ல. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடெல்லாம் முடிச்சு பத்து மணிக்கு மேல ரெண்டு பேரும் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு பால்டர்ஸ் கேட் 3-ங்கற கேம் ஆடுவோம், எட்டு மாசமா ஆடிட்டு இருக்கோம், இப்பத்தான் மூணாவது ஆக்ட்டுக்குள்ள, அதாவது கதையோட மூணாவது பாகத்துக்குள்ள நுழைஞ்சிருக்கோம். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு பெரிய சண்டை முடிஞ்சு செத்துக் கிடந்தவங்க பையெல்லாம் துழாவிட்டு இருக்கும்போது அவன் கேட்டான், "அக்கா, எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 வந்தா அதையும் இப்படியே சேர்ந்து ஆடுனா செம்மையா இருக்கும்ல?" நான் யோசிக்காமயே வேணாம்டான்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான். அன்னிக்கு எனக்கு சரியா சொல்ல வரல, "அது வேற மாதிரி கேம்டா"ன்னு மட்டும் சொன்னேன், அவனுக்கு அது பத்தல, எனக்குமே பத்தல. அதுக்கப்புறம் ஆபீசுக்கு போற டிரெயின்ல தினமும் இதையே தான் யோசிச்சிட்டு வரேன், அதான் எழுதியே பாத்துடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

மொதல்ல நிலவரத்தை சொல்லிடறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ்ங்கறது பெதஸ்டா கம்பெனியோட ஃபேன்டசி கேம் சீரீஸ், அதோட ஆறாவது பாகத்துக்கு 2018 ஜூன்ல ஒரு சின்ன டீசர் விட்டாங்க, மலை, கடலோரம், அப்புறம் பேரு, அவ்ளோ தான். 1994 அரீனா, 1996 டாகர்ஃபால், 2002 மோரோவிண்ட், 2006 ஒப்ளிவியன், 2011 ஸ்கைரிம்னு மெயின் கேம் அஞ்சுமே ஒரே ஆள் ஆடுறதுக்குன்னு செஞ்சது. 1997-ல பேட்டில்ஸ்பையர்னு ஒரு கிளைக் கேம் வந்துச்சு, அதுல மல்டிபிளேயர், அதாவது பல பேர் சேர்ந்து ஆடற வசதி இருந்துச்சு, அதனால இந்த ஆசை இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. ஸ்கைரிம் மட்டும் 6 கோடி காப்பிக்கு மேல வித்திருக்குன்னு 2023-ல சொன்னாங்க. அவ்ளோ பேர் தனியா உட்கார்ந்து ஆடி இருக்காங்க. அதுல நானும் ஒருத்தி.

நான் ஸ்கைரிம் ஆட ஆரம்பிச்சது 2012-ல, காலேஜ் ரெண்டாவது வருஷம். ரிச்சி ஸ்ட்ரீட்ல அப்பா கூட போய் ஒவ்வொரு கடையா விலை கேட்டு அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர். அந்த வருஷம் சென்னையில தினமும் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட், ஞாபகம் இருக்கும் உங்களுக்கும். கட் டைம் தெரியும், இருந்தாலும் சில நாள் அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிடும், டேபிளுக்கு கீழ யூபிஎஸ் பீப் பீப்னு கத்த ஆரம்பிக்கும், ஃபேன் நின்னு போய் ரூம்ல அந்த சத்தம் மட்டும் கேக்கும். நான் எஃப்5-ஐ ஒரு தட்டு தட்டுவேன். சேவ் ஆயிடும். டிராகன் தலைக்கு மேல வாயை பொளந்துட்டு நெருப்பு கக்க வந்துட்டு இருக்கும், அது அப்படியே ரெண்டு மணி நேரம் காத்திருக்கும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து நெருப்பு வரும். அதே மாதிரி அம்மா சமையல்கட்டுலேர்ந்து "குக்கர் மூணு விசில் வந்தா அணைச்சிடு, நான் மாடியில துணி எடுக்கப் போறேன்"ம்பாங்க, நான் டேப் கீயை அழுத்திட்டு எழுந்து போவேன், மெனு திறந்தா உலகமே நிக்கும், மூணாவது விசில் வர வரைக்கும் அடுப்புக்கு பக்கத்துல நின்னுட்டு திரும்ப வருவேன். வில்லுலேர்ந்து கிளம்பின அம்பு அந்தரத்துலயே நிக்கும்.

யோசிச்சு யோசிச்சு கடைசியா நான் வந்து நின்ன இடம் இது தான். இந்த மாதிரி கேம்ல மல்டிபிளேயர் வேணுமா வேணாமாங்கற கேள்விக்கு அடியில இருக்கறது நேரம். கிராஃபிக்ஸும் இல்ல, கதையும் இல்ல. அந்த உலகத்துல ஓடுற நேரம் யார் கையில இருக்கு? ஸ்கைரிம்ல அது என் கையில. நான் பையை திறந்தா நிக்கும், டி-யை அழுத்தி 24 மணி நேரம் காத்திருக்கலாம்னு சொன்னா சூரியன் ஒரு சுத்து சுத்திட்டு வரும், தப்பு பண்ணிட்டா முன்னாடி சேவ் பண்ணினதை லோட் பண்ணி அந்த தப்பே நடக்காத மாதிரி பண்ணிடலாம், டிராகன் பாஷையில கத்துற ஒரு சக்தியை வெச்சு சண்டை நடுவுல நேரத்தையே மெதுவாக்கலாம். ரெண்டாவதா ஒரு ஆள் உள்ள வந்துட்டா இது நாலும் அப்படியே இருக்க முடியாது. வீட்டுல ஒரே டிவி ரிமோட் மாதிரி, யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தே ஆகணும். இதை மனசுல வெச்சுக்கிட்டு இருக்கற ஆப்ஷனையெல்லாம் பாத்தா ஒவ்வொண்ணும் எதை குடுக்குது எதை எடுக்குதுன்னு தெளிவா தெரியுது.

பெதஸ்டாவே இதை ஒரு தடவை பெருசா முயற்சி பண்ணி பாத்தாங்க, ஃபால்அவுட் 76. இது ஃபேன்டசி இல்ல, அணுகுண்டுக்கு அப்புறமான உலகம், ஆனா அதே கம்பெனி, கேமை ஓட வைக்கற எஞ்சினும் அதே குடும்பம், அதே மாதிரி தனி ஆள் சுத்தி திரியற சீரீஸ், அதனால நமக்கு கிட்டத்தட்ட முன்னோட்டம் மாதிரி. ஃபால்அவுட் 3-ல வேட்ஸ்னு ஒண்ணு இருக்கும், அழுத்துனா உலகம் நின்னுடும், எதிரியோட தலையா கையா காலா எதை சுடணும்னு நிதானமா தேர்ந்தெடுக்கலாம், அந்த கேமோட அடையாளமே அது தான். 76-ல மத்தவங்களும் அதே உலகத்துல இருக்கறதால நிறுத்த முடியாது, அதனால வேட்ஸ் ஓடிட்டே இருக்கற நேரத்துல தானா குறி பாக்குற ஒரு வசதியா சுருங்கிடுச்சு. அதோட 2018 நவம்பர்ல வந்தப்ப அந்த உலகத்துல பேசறதுக்கு ஒரு மனுஷ என்பிசி, அதாவது கேமே நடத்தற மனுஷ கேரக்டர் ஒண்ணு கூட கிடையாது, ரோபோவும் செத்தவங்க விட்டுட்டு போன ஆடியோ டேப்பும் தான், நீங்க பாக்குற ஒவ்வொரு மனுஷனும் நிஜ ஆளா இருக்கணுங்கறது அவங்க ஐடியா. கேக்க நல்லா இருக்கு, ஆனா எதிர்ல வர நிஜ ஆளுக்கு உங்க கதை எதுக்கு, அவன் தன்னோட லூட்டை பாத்துட்டு ஓடிட்டு இருப்பான். 2020 ஏப்ரல்ல வேஸ்ட்லேண்டர்ஸ்னு அப்டேட் விட்டு மனுஷ கேரக்டர்களை திரும்ப கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் தான் கேம் நிமிர்ந்துச்சு. இன்னொண்ணும் சொல்லணும், அந்த உலகத்துல தனியாவோ நம்ம ஆளுங்களோட மட்டுமோ இருக்கணும்னா ஃபால்அவுட் ஃபர்ஸ்ட்னு ஒரு சந்தா, 2019 அக்டோபர்ல கொண்டு வந்தப்ப மாசம் 12.99 டாலர். முன்னாடி கேமை வாங்குனாலே கிடைச்ச தனிமைக்கு இப்ப மாச வாடகை. அங்க நிறைய நல்ல மனுஷங்க இருக்காங்க, புதுசா வரவங்களுக்கு கேக்காமயே மருந்து குடுத்துட்டு போவாங்க, அதை நான் குறை சொல்லல. ஆனா எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 இந்த வழியில போனா நான் வாங்க மாட்டேன்.

அடுத்த வழி, மெயின் சீரீஸை தொடாம தனியா ஒரு ஆன்லைன் கேம். இது ஏற்கனவே இருக்கு, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், 2014 ஏப்ரல்ல வந்துச்சு, பண்ணினது வேற டீம், ஜெனிமேக்ஸ் ஆன்லைன். ஆரம்பத்துல மாச சந்தா கட்டாயம், 2015 மார்ச்ல அதை எடுத்துட்டாங்க. கதை ஸ்கைரிமுக்கு சுமார் ஆயிரம் வருஷம் முன்னாடி நடக்குது, அதனால ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது, இது ரொம்ப புத்திசாலித்தனமான முடிவுன்னு எனக்கு எப்பவும் தோணும். 2016 அக்டோபர்ல ஒன் டாம்ரியல்னு ஒரு அப்டேட், அதுக்கு முன்னாடி வரைக்கும் உங்க லெவலும் ஃப்ரெண்டோட லெவலும் வேற வேறயா இருந்தா சேர்ந்து ஆடறதே கஷ்டம், அந்த அப்டேட்ல யாரு எங்க வேணா போகலாம், உலகம் உங்க லெவலுக்கு ஏத்த மாதிரி மாறிக்கும்னு ஆக்கிட்டாங்க. சேர்ந்து ஆடறவங்களுக்கு அது பெரிய வரம். ஆனா அதே காரணத்தால முதல் நாள் என்னை அடிச்சு துரத்துன இடத்துக்கு ஒரு மாசம் கழிச்சு பலமா திரும்பிப் போய் பழி தீர்க்கற சுகம் அங்க போச்சு. அப்புறம் அங்க எல்லாருமே விதியால தேர்ந்தெடுக்கப்பட்டவங்க. எல்லாரோட ஆன்மாவையும் மோலாக் பால்ங்கற வில்லன் திருடி இருக்கான், எல்லாரும் அதை மீட்கப் போறாங்க. பேங்க் வாசல்ல பாத்தா உலகத்தைக் காப்பாத்தப் போற அந்த ஒரே ஆள் நாப்பது பேர் நிக்கறாங்க, ஒருத்தர் எரியற குதிரை மேல உட்கார்ந்துட்டு இருக்கார்.

நம்ம ஊர் பிரச்சனை ஒண்ணும் இதுல இருக்கு. அந்த கேமுக்கு வட அமெரிக்கா, ஐரோப்பான்னு ரெண்டு இடத்துல தான் மெகாசர்வர், ஆசியாவுல இல்ல. பெரம்பூர்லேர்ந்து ஐரோப்பா சர்வருக்கு எனக்கு பிங், அதாவது சிக்னல் போய் திரும்பி வர நேரம், 150 மில்லி செகண்டுக்கு கீழ வந்ததே கிடையாது, மழை நாள்ல 250 வரைக்கும் போகும். நான் கேடயத்தை தூக்கும்போது அடி ஏற்கனவே விழுந்திருக்கும். மும்பை சர்வர் இருக்கற ஷூட்டிங் கேமெல்லாம் ஆடிப் பழகின பசங்களுக்கு இது ஆமை வேகமா தெரியும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-ஐ ஆன்லைனா பண்ணா சென்னையில இருக்கறவனுக்கு பக்கத்துல ஒரு சர்வர் வெப்பாங்களாங்கறதை யோசிச்சுப் பாருங்க.

சர்வரை பத்தி பேசும்போது இதையும் பேசியே ஆகணும், எனக்கு மனசு உறுத்துற விஷயம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலை தடை பண்ணினாங்க, அக்டோபர் 30-ஓட சர்வரையும் இந்தியாவுக்கு மூடிட்டாங்க. என் தம்பி அதுல ரெண்டு வருஷமா ஆடி சேத்த ரேங்க், டிரஸ், அவன் ஸ்குவாட்ல இருந்த பசங்க, எல்லாம் ஒரே ராத்திரியில. அடுத்த வருஷம் அதுக்கு பதிலா இந்தியாவுக்குன்னு பிஜிஎம்ஐ வந்துச்சு, 2022 ஜூலையில அதுவும் ஆப் ஸ்டோர்லேர்ந்து காணாம போச்சு, 2023 மே மாசம் தான் திரும்ப வந்துச்சு. தடை சரியா தப்பாங்கறது வேற பேச்சு. கேம் வேற யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னா அதை எப்ப வேணா யாராவது நிறுத்தலாம், அவ்ளோ தான் நான் சொல்றது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல மூணாவது நாள் கரண்ட் வந்துடுச்சு, நெட்டு வரதுக்கு இன்னும் ஆறு நாள் ஆச்சு, கம்பத்துலேர்ந்து அறுந்த கேபிள் தண்ணியில கிடந்துச்சு. வாசல்ல முழங்கால் தண்ணி, ஆபீஸ் லீவு, போன்ல சிக்னல் வந்து வந்து போகுது, சித்தி வீட்டுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அந்த ஆறு நாள் நான் லேப்டாப்ல மோரோவிண்ட் ஆடினேன். 2002-ல வந்த கேம், யார்கிட்டயும் அனுமதி கேக்காம ஓடுச்சு. பயத்துல தூக்கம் வராத ராத்திரியில போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு எனக்கு, அதை நான் சாதாரணமா எடுத்துக்க முடியாது.

மூணாவது வழிய சீக்கிரமா முடிச்சிடலாம், கதை ஒரு பக்கம், மல்டிபிளேயர் ஒரு பக்கம்னு ஒட்டு போடுறது. 2014-ல டிராகன் ஏஜ் இன்க்விசிஷன் இதைத்தான் பண்ணுச்சு, நாலு பேர் சேர்ந்து குகைக்குள்ள போய் அடிச்சிட்டு வரணும், நம்ம கதை கேரக்டருக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, நிஜ காசு குடுத்து பெட்டி வாங்கி திறக்கலாம். தப்பான கேம்னு சொல்ல மாட்டேன், ஆனா இன்னிக்கு அதை ஞாபகம் வெச்சிருக்கறவங்க எத்தனை பேர்? அதுக்கு அடுத்த பாகத்தோட கதை இன்னும் வருத்தம், நடுவுல சில வருஷம் அதை முழு மல்டிபிளேயர் கேமாவே செஞ்சிட்டு இருந்தாங்க, 2021-ல மனசு மாறி சிங்கிள் பிளேயருக்கு திருப்பினாங்க, 2024 அக்டோபர் 31-ல வெயில்கார்டுங்கற பேர்ல வெளிய வந்துச்சு. முதல் காலாண்டுல 15 லட்சம் பேர் ஆடினாங்க, எதிர்பார்த்ததுல பாதி தான்னு அதை வெளியிட்ட ஈஏ கம்பெனி சொல்லுச்சு. அதுக்கப்புறம் அந்த கம்பெனி தலைவர் பேசினப்ப ஜனங்க இப்பல்லாம் சேர்ந்து ஆடற வசதியை எதிர்பாக்கறாங்கங்கற மாதிரி சொன்னார். எனக்கு அது சுத்தமா தலைகீழ் முடிவா படுது, ஒரு வீட்டை கல்யாண மண்டபத்துக்குன்னு பிளான் போட்டு பாதி கட்டினப்புறம் குடும்பம் இருக்கறதுக்குன்னு மாத்தினா எந்த ரூம்ல எது வரும்னு தெரியாம தான் நிக்கும், தப்பு மண்டபம் கட்டாததுல இல்லையே. அவ்வளவு எதுக்கு, அவௌட்னு அப்சிடியன் பண்ணின கேமும் ஆரம்பத்துல சேர்ந்து ஆடற மாதிரி யோசிச்சது தான், அதை விட்டுட்டு தனி ஆள் கேமா மாத்தி 2025 பிப்ரவரியில கொண்டு வந்தாங்க.

இப்ப தம்பி சொல்ற வழி, கோ-ஆப். முழு கதையையும் ரெண்டு பேரோ நாலு பேரோ சேர்ந்து ஆடறது. இதுக்கு எதிரா பேசறது எனக்கு கஷ்டம், ஏன்னா வாரம் பூரா நான் காத்திருக்கறதே அந்த சனிக்கிழமைக்கு தான். பால்டர்ஸ் கேட் 3-ல நான் ஒரு கடைக்காரன்கிட்ட பேச்சுக் கொடுத்து பிடிச்சு வெச்சிருப்பேன், தம்பி பின்னாடி குனிஞ்சு போய் அவன் பையை காலி பண்ணுவான், "இன்னும் பேசு அக்கா, இன்னும் பேசு"ன்னு காதுல கிசுகிசுப்பான், நான் இருக்கற டயலாக் எல்லாத்தையும் ஒண்ணு விடாம கேட்டு இழுத்துட்டு இருப்பேன். அந்த சிரிப்பு தனியா ஆடும்போது வராது. அந்த கேமை செஞ்ச லாரியன் கம்பெனி இதை ஒரே நாள்ல கத்துக்கல, 2014-ல டிவினிட்டி ஒரிஜினல் சின்ல ரெண்டு பேர், 2017-ல ரெண்டாம் பாகத்துல நாலு பேர், அப்புறம் 2023 ஆகஸ்ட்ல இது. முதல் பாகத்துல ரெண்டு பேருக்கும் கருத்து ஒத்துப் போகலைன்னா கல், பேப்பர், கத்திரி போட்டு யார் சொல்றது நடக்கணும்னு முடிவு பண்ணுவாங்க, நிஜமாவே கேமுக்குள்ளயே அதை வெச்சிருந்தாங்க.

இது ஏன் ஒத்து வருதுன்னா திரும்பவும் நேரம் தான். பால்டர்ஸ் கேட் 3-ல சண்டை முறை வெச்சு நடக்குது, உன் முறை, என் முறை, கோப்ளின் முறை. தம்பி யோசிக்கும்போது நான் தண்ணி குடிச்சிட்டு வரலாம், அம்மா கூப்பிட்டா போயிட்டு வரலாம், உலகம் காத்திருக்கும். தாயம் ஆடற மாதிரி. நேரத்தை பங்கு போட்டுக்கறதுக்கு அந்த கேமோட விதியிலயே இடம் இருக்கு, யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்ல.

அப்படியும் எங்களுக்கு ஒரு தடவை நடந்துச்சு. முதல் ஆக்ட்ல ஒரு தோப்பு வரும், அங்க ஒரு சின்னப் பொண்ணு சாமி சிலையை திருடிட்டான்னு பிடிச்சு வெச்சு, ஒரு அம்மா பாம்பை விட்டு மிரட்டிட்டு இருக்கும். நான் மேப்போட அந்தக் கோடியில ஒரு பெட்டியை திறக்க பாத்துட்டு இருந்தேன். தம்பி உள்ள போய் பேச்சை ஆரம்பிச்சிட்டான், பேசறவங்க தான் பதிலை முடிவு பண்ணணும், பக்கத்துல இருக்கறவங்க எது சொல்லலாம்னு கை காட்டலாம், அவ்ளோ தான். நான் ஓடி வரதுக்குள்ள அவன் தாயக்கட்டை சரியா விழாம பாம்பு கடிச்சு அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. "சாரி அக்கா"ன்னான். கடைசி சேவ் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி, அவன் அதுக்குள்ள நிறைய பண்ணிட்டான், திரும்ப லோட் பண்ணலாமான்னு கேக்க எனக்கு மனசு வரல. அப்பறமா அந்தப் பொண்ணோட அம்மா அப்பாவை கதையில பாத்தப்ப நான் ஹெட்செட்ல ஒண்ணும் பேசல. தனியா ஆடி இருந்தா நான் பத்து தடவை லோட் பண்ணியாவது அவளை காப்பாத்தி இருப்பேன்.

இதை அப்படியே தூக்கி எல்டர் ஸ்க்ரோல்ஸ்ல வெச்சா என்ன ஆகும்? அங்க முறை கிடையாது, எல்லாம் ஒரே நேரத்துல ஓடுது. நான் 24 மணி நேரம் காத்திருக்கணும்னு டி-யை அழுத்தினா சண்டை நடுவுல இருக்கற தம்பிக்கு என்ன ஆகும்? ஸ்கைரிம் எஞ்சின் நம்ம கேரக்டரை சுத்தி 5-க்கு 5 கட்டத்தை தான் முழுசா ஏத்தி உயிரோட வெச்சிருக்கும், அதுக்கு வெளிய இருக்கறவங்க எல்லாம் சும்மா கணக்குல இருக்காங்க. ரெண்டு பேர் ரெண்டு ஊர்ல இருந்தா ரெண்டு கூட்டம் கட்டத்தை ஏத்தணும், ஒவ்வொரு கிண்ணமும் ஒவ்வொரு ஆப்பிளும் எங்க உருண்டுச்சுன்னு ரெண்டு பக்கமும் ஒத்துப் போகணும். மேஜை மேல நான் வெச்சுட்டு போன புத்தகம் அறுபது மணி நேரம் ஆடினப்புறம் திரும்பி வந்தாலும் அங்கயே இருக்கற கேம் அது. கடைக்காரன் தலையில வாளியை கவுத்து கண்ணை மறைச்சிட்டு கடையையே காலி பண்ணலாம், தெரியும்ல, அந்த மாதிரி ஓட்டையெல்லாம் தனி ஆள் கேம்ல சந்தோஷம், பல பேர் ஆடற இடத்துல அதே ஓட்டை ஏமாத்து வேலை, அடுத்த அப்டேட்லயே அடைச்சிடுவாங்க. மோரோவிண்ட்ல யாரை வேணா கொல்லலாம், கதைக்கு முக்கியமான ஆளை கொன்னா, விதியோட இழை அறுந்துடுச்சு, பழைய சேவுக்கு திரும்பிப் போ, இல்லன்னா நீயே கெடுத்த இந்த உலகத்துலயே வாழுன்னு ஒரு மெசேஜ் வரும். எவ்ளோ பெரிய சுதந்திரம் அது. அந்த இழையில ரெண்டு பேர் தொங்கிட்டு இருந்தா எந்த டெவலப்பரும் அதை அறுக்க விட மாட்டான், ஊர்ல பாதி பேரை சாகாவரம் குடுத்து நிக்க வெச்சிடுவான்.

ரசிகர்கள் பண்ணிக் காட்டி இருக்காங்களேன்னு தம்பி கேட்டான், நியாயமான கேள்வி. மோரோவிண்டை சேர்ந்து ஆடறதுக்கு டிஇஎஸ்3எம்பின்னு ஒண்ணு இருக்கு, ஸ்கைரிமுக்கு 2022 ஜூலையில ஸ்கைரிம் டுகெதர் ரீபார்ன் வந்துச்சு, ரெண்டையும் சம்பளம் வாங்காம ஆர்வத்துல பண்ணினாங்க, அவங்களை எவ்ளோ பாராட்டினாலும் தகும். நாங்களும் ஒரு வாரம் ஆடினோம். மெனு திறந்தா உலகம் நிக்காது. பார்ட்டிக்கு யார் லீடரோ அவங்க தான் குவெஸ்டை, அதாவது கதையில குடுக்கற வேலையை நகர்த்தணும், இன்னொருத்தர் கூட வரணும். தம்பி லீடர், நான் பின்னாடியே போனேன், ரொம்ப ஜாலியா தான் இருந்துச்சு, ஆனா அந்த ஒரு வாரத்துல நான் ஒரு புத்தகம் கூட திறந்து படிக்கல, ஒரு மலை உச்சியில கூட சும்மா நிக்கல, ஏன்னா அவன் அடுத்த கதவுகிட்ட நின்னு "வாக்கா"ன்னுட்டு இருப்பான். நான் ஆடற ஸ்கைரிம்ல பாதி நேரம் அது ரெண்டும் தான். இன்னொரு விஷயம், ரசிகர்கள் கேமை மாத்தி பண்ற இந்த மாட்ஸ் வந்ததே கேம் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கறதால, உள்ள கை விட்டு மாத்த முடியறதால. அப்படி மாத்தறதுக்கான கிரியேஷன் கிட்டை 2012 பிப்ரவரியில பெதஸ்டாவே குடுத்தாங்க. கம்பெனி சர்வர்ல ஓடற கேமா இருந்தா ரசிகர்கள் இப்படி கை வைக்கவே முடியாது.

தம்பி பக்கத்துல எனக்கு பதில் சொல்ல முடியாத வாதம் ஒண்ணு இருக்கு. அவன் சொன்னான், "உனக்கு தனியா இருக்க நேரம் கிடைக்கறதில்ல, அதனால உனக்கு தனிமை பிடிக்குது. எனக்கு வீட்டுல யாருமே இல்ல அக்கா, அப்பா ஷிப்ட் முடிச்சு வர பதினொண்ணு ஆகுது." உண்மை தான். கூட்டுக் குடும்பத்துல ஒரே ஹால்ல அஞ்சு பேர் நடுவுல வளந்தவ நான், கதவு சாத்திக்கற மாதிரி ஒரு கேம் எனக்கு வேணும். கதவை தட்ட ஆள் இல்லாதவனுக்கு வேணுங்கறது வேற. அவனுக்கு வேணுங்கறதை குடுக்க பால்டர்ஸ் கேட் இருக்கு, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனே இருக்கு, இன்னும் நூறு கேம் வந்துட்டே இருக்கு. எனக்கு வேணுங்கறது பெரிய பட்ஜெட்ல வரதே குறைஞ்சிட்டு வருது, அதனால தான் இந்த ஒண்ணையாவது விட்டு வைங்கன்னு கேக்கறேன்.

ஆனா யோசிச்சிட்டே வரும்போது எனக்கு இன்னொரு வழி ஞாபகம் வந்துச்சு, நேரத்தை பங்கு போடாமயே ஆளை பங்கு போடற வழி. 2009-ல டீமன்ஸ் சோல்ஸ், 2011-ல டார்க் சோல்ஸ், அங்க தரையில மத்தவங்க எழுதிட்டு போன சின்ன குறிப்பு இருக்கும், எங்க எப்படி செத்தாங்கன்னு ரத்தக்கறையை தொட்டா பேய் மாதிரி ஓடிக் காட்டும். எழுதினவர் அப்ப ஆன்லைன்ல இருக்கணும்னு கூட அவசியமில்ல. பிஎஸ்3 டீமன்ஸ் சோல்ஸ் சர்வரை 2018 பிப்ரவரி 28-ல மூடினாங்க, குறிப்பெல்லாம் போச்சு, ஆனா கேம் இன்னிக்கும் தனியா ஓடும். சோல்ஸ் கேமெல்லாம் தனியா ஆடினாலும் நடுவுல நிறுத்தி வெக்க முடியாது, அதனால மத்தவங்க உள்ள புகுந்து அடிக்கறது அங்க பொருந்துது, எல்டர் ஸ்க்ரோல்ஸ்ல அது வேணாம், ஆனா அந்தக் குறிப்பு மாதிரி ஒண்ணு வரலாம்.

அதை விட நல்லது 2012-ல வந்த டிராகன்ஸ் டாக்மா. அங்க பான்ங்கற பேர்ல ஒரு துணையாளை நாமளே உருவாக்கணும், முகம், உயரம், குணம் எல்லாம். நாம தூங்கும்போது அந்த ஆளை உலகத்துல வேற யாராவது வாடகைக்கு கூட்டிட்டு போகலாம், அவங்க கதையில போய் சண்டை போட்டு, அங்க பாத்த எதிரியோட பலவீனம், குவெஸ்டோட வழி எல்லாம் கத்துக்கிட்டு திரும்பி வரும், சில சமயம் கையில ஒரு பரிசோட. யாரோட நேரமும் நிக்க வேண்டியதில்ல, ஓட வேண்டியதில்ல. நெட் இல்லைன்னாலும் கேம் பாட்டுக்கு ஓடும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-ல, ஸ்கைரிம்ல நம்ம கூடவே வர லிடியா மாதிரி ஒரு துணையாளுக்கு இதை மட்டும் பண்ணட்டும், வேணாங்கறவங்க அணைச்சு வெச்சுக்கற மாதிரி. போன சனிக்கிழமை இதை தம்பிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அவன் முறை வந்தும் அப்படியே நிறுத்தி வெச்சிருந்தான். அப்புறம், "அப்ப உன் ஆளு தாம்பரம் வந்துட்டு போகும், திரும்ப வரும்போது அதுகிட்ட நான் ஏதாவது குடுத்து அனுப்பலாமா?"ன்னான். அனுப்புடா, எது வேணா அனுப்புன்னேன், அவன் இப்பவே லிஸ்ட் போட ஆரம்பிச்சிட்டான்.